நாலு ஓட்டைக்காரி

என் ஓரகத்தியின் வயிற்றில் இருந்தவை நாலே நாலு சின்னத் தழும்புகள். தொப்புளில் ஒன்று, நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒன்று, வலது பக்கம் இரண்டு. அட்டை கடித்து ஆறிய இடம் மாதிரி இருக்கும். எனக்கோ வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு வெட்டு. இரண்டு பேருக்கும் எடுத்தது ஒரே சாமான்தான், கல் விழுந்த பித்தப்பை. நான் வெட்டுப்பட்டு ஆறு வருசம் கழித்துத்தான் அவள் போய்ப் படுத்தாள். ஆனால் ஆபரேஷன் என்று யாருக்காவது சொல்லிவிட்டால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் போய்க் கேட்டது அவளிடம். என்னிடம் ஒரு நாய் வந்து கேட்டதில்லை.

அதனால் அவளைப் பற்றி நான் சொல்லுவதில் பாதி வயிற்றெரிச்சலாக இருக்கும். மீதிப் பாதியும் அதுதானோ என்னவோ, படிக்கிறவர்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்சாதி. ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், வரிசை வீடுகள் கொண்ட ஒரே லயத்தில், அடுத்தடுத்த காம்பராவில் குடியிருந்தோம். நடுவில் இருந்த சுவர் கூரை வரைக்கும் போகாது. அவள் வீட்டில் பேசுவதெல்லாம் என் அடுப்படியில் கேட்கும். அவள் அஞ்சாம் வகுப்போடு நின்று மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனவள். நான் ஓ.எல். பரீட்சை வரைக்கும் படித்து எழுதினவள். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்துக்காரப் பெண்கள் மலைக்குப் போனதும் அவர்களுடைய கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வேன். நேரில் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நாலு ஓட்டைக்காரி என்பது நான் மனசுக்குள் வைத்திருந்த பெயர்.

அவளுடைய குணம் ஒன்றே ஒன்றுதான். நடக்கப்போவதை முன்னாலேயே சொல்லிவிடுவாள். குறி பார்த்துச் சொல்லுவதில்லை. தனக்கு நடந்ததை, தான் பார்த்ததை, ஒன்றுவிடாமல் வரிசையாகச் சொல்லுவாள். நல்லதைக் கூட்டவும் மாட்டாள், கெட்டதைக் குறைக்கவும் மாட்டாள். நான் கல்யாணமாகி அந்த லயத்துக்குள் காலை வைத்த அன்றைக்கே என்னைக் கோடிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள்:

“இந்தா பாரு புள்ள, மாமி இன்னைக்கு ஒன்னையக் கட்டிப் புடிச்சி அழுவாங்க. நம்பிறாத. மூணாம் நாள் தண்ணி எடுக்கப் போகையில திட்டுவாங்க. அதையும் நம்பாத. ஆறு மாசத்துல ஒன் கையில சோறு கேப்பாங்க. அதுதான் நெசம்.”

அப்படியே நடந்தது. மாமியார் மூன்றாம் நாள் பீலிக்கரையில் வைத்து என்னைத் திட்டியபோது எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அந்த ஒரு விஷயத்துக்காக அவளுக்கு நன்றி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புருசன் வீட்டில் முதல் நாளே ஒருத்தி எனக்கு மேலே ஏறி உட்கார்ந்துவிட்டாள் என்றுதான் பட்டது.

எனக்குப் பித்தப்பை எடுத்தபோது கூட நின்றவளும் அவள்தான். அந்த ஆஸ்பத்திரியில் அப்போது ஓட்டை போட்டு எடுக்கிற மெஷின் இல்லை. என்ன செய்யப்போகிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை. தள்ளுவண்டியில் ஏற்றியதும் கத்தி அழுதேன். கண் விழித்ததும் மூக்கில் ஒரு குழாய், வயிற்றில் ஒரு குழாய், ஏன் என்று தெரியாமல் மறுபடியும் அழுதேன். ஒரு கிழமை, ஏழு நாளும், அவள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தாள். மூன்று மாசம் ஒரு வாளி தண்ணீர்கூடத் தூக்க முடியாமல் கிடந்தேன். அதெல்லாம் ஊருக்கு ஒரு கதையாகவே தெரியவில்லை. பாவம், பொழச்சு வந்துட்டா என்று நாலு நாள் பேசினார்கள். அவ்வளவுதான்.

அவளுக்கு வந்தபோது காலம் மாறிப்போயிருந்தது. பெரிய டாக்டர் நாலு ஓட்டையில் முடித்துவிடலாம் என்றார். அவள் சும்மா தலையாட்டிவிட்டு வரவில்லை. தெரிந்த சிங்களத்தை வைத்துக்கொண்டு டாக்டரிடம், நர்ஸ் மிஸ்ஸிடம், தரை கூட்டுகிற ஆளிடம் என்று ஒருவர் விடாமல் கேட்டிருக்கிறாள். எந்த ஓட்டை எதற்கு, குழாய் எதற்கு, ஊசி போட்டால் எத்தனை எண்ணும்வரை நினைவிருக்கும் என்று எல்லாம். போன மூன்றாம் நாள் பஸ்ஸில் வந்து இறங்கி, ரோட்டிலிருந்து லயத்துக்கு இறங்கும் படி அத்தனையும் தானே நடந்து இறங்கினாள். பொம்பளைகள் வாசலில் நின்று வாயைப் பிளந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என்னை ஆறு வருசத்துக்கு முந்தி அதே படியில் சாக்குக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

பிறகு ஆரம்பித்தது கச்சேரி. கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை எடுத்துத் தரையில் விரிப்பாள். பிளாஸ்டிக் துணி மாதிரியான சீலை அது. “இதுதான் வயிறுன்னு வச்சுக்க. உள்ள எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. இப்படியே கமராவை விட்டா என்னா தெரியும்?” என்பாள். படங்கின் நடுவைப் பிடித்துத் தூக்குவாள். “அதுக்குத்தான் தொப்புள்கிட்ட ஓட்டை போட்டு காத்து அடிக்கிறாங்க. இந்தா, இப்படி எழும்பும். இப்ப எடம் கெடச்சிருச்சுல்ல? ஒரு ஓட்டையில கமரா. டாக்டர் ஒன் வயித்தைப் பார்க்க மாட்டாரு, டீவியைப் பார்ப்பாரு. மத்த ஓட்டையில நீட்டுக் கத்தரி, நீட்டு இடுக்கி. பையை வெட்டி, ஒரு சின்னப் பைக்குள்ள போட்டு, தொப்புள் வழியா உருவிருவாங்க.”

அதோடு விடமாட்டாள். ஆபரேஷன் அறை மழைக் காலத்து மலையை விடக் குளிரும், நடுங்கினால் வெட்கப்படாமல் போர்வை கேள். நகத்துப் பூச்சை வீட்டிலேயே அழித்துவிட்டுப் போ. கண் விழித்ததும் தொண்டை எரியும், அது உள்ளே குழாய் விட்டதால். அடித்த காற்று கொஞ்சம் உள்ளேயே நிற்கும், அது மேலே ஏறி வலது தோள்பட்டையில் குத்தும், இருதயம் என்று பயந்து கத்தாதே, எழும்பி நட, போய்விடும். பின்பக்கம் காற்றுப் பிரிந்தால்தான் கஞ்சி கொடுப்பார்கள், அதனால் கூச்சப்படாமல் விட்டுவிடு. கடைசியில் குரலை இறக்கிக்கொண்டு இதையும் சொல்லுவாள்:

“உள்ள பார்த்துட்டு சரிவராதுன்னா பெருசாத்தான் வெட்டுவாங்க. அதுக்கும் சேர்த்துத்தான் கையெழுத்து வாங்குவாங்க. கண்ணு முழிச்சி வயித்தைத் தடவிப் பார்க்கையில பெரிய கட்டா இருந்திச்சின்னா ஏமாத்திட்டாங்கன்னு நெனைக்காத. உசுரக் காப்பாத்தியிருக்காங்கன்னு நெனை.”

இந்த இடத்தில் யாராவது ஒருத்தி என் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். பெரிய கட்டுக்கு நான்தான் உதாரணம். எழுந்து உள்ளே போய்விடுவேன்.

தாலியைக் கழற்றச் சொன்னதால் ஆபரேஷனே வேண்டாம் என்று கட்டிலை விட்டு இறங்கி வந்த ஒருத்தியை இவள் திருப்பி அனுப்பினாள். “டாக்டருக்கு வேண்டியது ஒன் பித்தப்பைதான் புள்ள, ஒன் புருசன் இல்ல. கழட்டி மாமியார் கையில குடு, திரும்பி வந்து கட்டிக்க” என்றாள். அவளும் சிரித்துக்கொண்டே போய்ப் படுத்துவிட்டு வந்தாள். அது பரவாயில்லை. ஒருநாள் கண்டாக்கு ஐயாவின் பெண்சாதி, பங்களாப் பக்கம் குடியிருக்கிற உத்தியோகத்தர் வீட்டு அம்மா, எங்கள் லயத்துக்கே இறங்கி வந்தார். செருப்பெல்லாம் சேறு. என் வாசலில் நின்று என்னைப் பார்த்து, “நாலு ஓட்டை போட்டு ஆபரேஷன் செஞ்ச அம்மா எந்த வீடு?” என்று கேட்டார். அதே ஆபரேஷன் செய்த நான் இந்தா நிற்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. பக்கத்துக் காம்பராவைக் கையால் காட்டினேன். அன்றைக்குக் குழம்புக்கு உப்புப் போடாமல் இறக்கிவிட்டேன்.

அவள் சொல்லுவதில் ஒரு விஷயம் மட்டும் டாக்டர்மாருக்கே தெரியாதது. எங்கள் ஆட்கள் தேத்தண்ணியைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. விடிகாலையில் தேத்தண்ணி குடிக்காமல் யாரும் வாசல் தாண்டுவதில்லை. செத்த வீட்டுக்குப் போனாலும் சரி, கோர்ட்டுக்குப் போனாலும் சரி. குடித்துவிட்டுப் போய், சாப்பிட்டாயா என்று கேட்டால் இல்லை என்போம். பொய்யில்லை, அப்படித்தான் நினைக்கிறோம். அதனால் அவள் யாரையும் “சாப்பிட்டியா” என்று கேட்கமாட்டாள். “தேத்தண்ணி குடிச்சியா” என்றுதான் கேட்பாள். “அங்க போய் வயித்துல பால் தேத்தண்ணி இருந்தா மயக்கத்துல வாந்தி வந்து நெஞ்சுக்குள்ள போயிரும். ஆளே போயிரலாம்” என்பாள்.

எனக்கு ஒரே மகள். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. டவுனில் துணிக்கடையில் வேலை செய்துகொண்டிருந்தாள். அவளுக்கும் அதே வலி வந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, பித்தப்பையில் கல், ஓட்டை போட்டு எடுத்துவிடலாம் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் நான் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து என் ஆபரேஷன் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் எழுந்தாள்.

“அம்மா, நீங்க சொல்லச் சொல்ல எனக்குப் பயமாத்தான் இருக்கு. நான் பெரியம்மாகிட்ட கேட்டுக்கிறேன்” என்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் படங்கு விரிக்கிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசினார்கள், பிறகு சிரித்தார்கள். காற்றுப் பிரிகிற கட்டம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பத்து மாசம் சுமந்து பெற்றவள் நான். வலியில் துடித்தபோது முதுகைத் தேய்த்தவள் நான். பயத்தைச் சொல்ல மட்டும் அவள் வேண்டியிருக்கிறது. ஓரகத்திக்கு இரண்டு ஆண் பிள்ளைகள், இரண்டும் கொழும்பில் கடை வேலையில். பெண் இல்லாத குறைக்கு என் பெண்ணைத்தான் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்று அடுப்பை ஊதிக்கொண்டே நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரி வாட்டில் கட்டில் இல்லை, விடியக்காலையில் வெறும் வயிற்றோடு வந்து சேருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஐந்து மணிக்கு ஓட்டோ வரும். நான் எப்போதும் போல் எழுந்து தண்ணீர் வைத்தேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மகள் உதடு வறண்டு, முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தாள். பால்மா கரைத்து, சீனி தூக்கலாகப் போட்டு, ஒரு கிளாஸ் ஆற்றி நீட்டினேன்.

“தேத்தண்ணிகூடக் குடிக்கக் கூடாதுன்னு பெரியம்மா சொன்னாங்களே” என்றாள்.

என் கை நீட்டியபடியே நின்றது. கிளாஸைக் கீழே வைத்திருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் மண்டைக்குள் ஏறியது ஒன்றுதான்: என் வீட்டில், என் அடுப்பில், என் பிள்ளைக்கு நான் கொடுக்கிற ஒரு வாய் தேத்தண்ணிக்கும் அவளிடம் அனுமதி வாங்க வேண்டுமா? நான் சொன்னால் இவள் குடிக்கமாட்டாள் என்றும் தெரிந்தது. அதனால் சொன்னேன்:

“அவங்கதான் நேத்து சொன்னாங்க. ஒரு கிளாஸ் குடிச்சா ஒண்ணும் செய்யாதாம். குடி.”

பெரியம்மா பெயரைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் குடித்தாள். ஒரு சொட்டு மிச்சமில்லை.

ஓட்டோவில் மகளுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஓரகத்தி. மகள் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு கிளாஸ்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வாட்டில் சட்டை மாற்றி, கையில் ஊசிக் குழாய் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. மிஸ் தாளை வைத்துக்கொண்டு, “மொனவா ஹரி கேவத?” என்று கேட்டார். ஏதாவது சாப்பிட்டாயா என்று அர்த்தம். மகள் இல்லை என்று தலையாட்டினாள். மிஸ் எழுதிக்கொண்டு திரும்பினார். என் உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது.

ஓரகத்தி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வழக்கப்படி கேட்டாள். “தேத்தண்ணி குடிச்சியா?”

“குடிச்சேன் பெரியம்மா. பால் தேத்தண்ணி. நீங்கதான் ஒரு கிளாஸ் குடிக்கலாம்னு சொன்னீங்களாமே, அம்மா சொன்னாங்க.”

மிஸ்ஸுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். தேத்தண்ணி என்ற சொல் நன்றாகவே தெரியும். நின்று திரும்பினார். அப்புறம் ஒரே சத்தம். வாந்தி நுரையீரலுக்குள் போயிருந்தால் பிள்ளை செத்திருக்கும், யார் குடிக்கச் சொன்னது, யார் அந்த ஆள் என்று வாட்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டார்.

ஓரகத்தி என்னைப் பார்த்தாள். நீண்ட நேரம் இல்லை, ஒரு பார்வைதான். நான் கட்டில் விரிப்பை இழுத்துச் சரி செய்தேன்.

“நான்தான் மிஸ் சொன்னேன். தப்பா சொல்லிட்டேன்” என்றாள்.

அன்றைக்கு ஆபரேஷன் இல்லை. அடுத்த கிழமை வரச் சொல்லிவிட்டார்கள். வராந்தாவில் தனியாக அவளைப் பிடித்து, ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன். அவள் முகத்தில் கோபம் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

“அந்தப் புள்ள உள்ள போகையில யாரையாச்சும் ஒருத்தரை நம்பிப் போகணும். அம்மா மேல கோவிச்சுக்கிட்டா அது யாரோட போகும்? பெரியம்மா மேல கோவிச்சா பரவால்ல” என்றாள். பிறகு, “ஏன் புள்ள அப்படி செஞ்ச?” என்று கேட்டாள். பொறாமை என்று எப்படிச் சொல்லுவது?

மூன்றாம் நாள் மகளுக்கு வலி பிடுங்கியது. காய்ச்சலும் குளிரும். அள்ளிக்கொண்டு ஓடினோம். பித்தப்பை வீங்கிவிட்டது, ஓட்டை போட்டுப் பார்ப்போம், முடியாவிட்டால் பெரிதாக வெட்ட வேண்டிவரும் என்றார் டாக்டர். என் கை தானாகவே என் வயிற்றுக்குப் போனது. ஒரு கிளாஸ் தேத்தண்ணியால் என் தழும்பை என் பிள்ளைக்கும் எழுதிவிட்டேனே என்று நினைத்தேன்.

மகள், “பெரியம்மா உள்ள வர வேணாம். அவங்க பேச்சைக் கேட்டுத்தான் இப்படி ஆச்சு” என்றாள். என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படி என் கையைப் பிடித்துப் பல வருசம். சொன்னால் கேவலம்தான், அந்த நிலைமையிலும் எனக்கு அது இனித்தது.

ஓரகத்தி வாட்டுக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். வர வேண்டாம் என்றதை நான் சொல்வதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

“இப்ப நான் சொல்றதை நல்லா மனசுல வாங்கிக்க. போய் நீ சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத, ஒன் வாயால சொல்லு. படங்கு கதையெல்லாம் வேணாம், அதெல்லாம் அதுக்குத் தெரியும். இப்ப காய்ச்சலோட போகுது, அதனால பக்கத்துல ஒரு குழாய் வச்சி விடுவாங்க, அழுக்குத் தண்ணி வர்றதுக்கு. அதைப் பார்த்துப் பயப்படப் போகுது, சொல்லி வை. தோள்பட்டை வலியை ரெண்டாம் தரமும் சொல்லு, மறந்திருக்கும். பெருசா வெட்டினா வெட்டினதுதான்னு சொல்லு. ஒன் வயித்தைக் காட்டு.”

“என் வயித்தையா?”

“ஆமா. இந்தத் தழும்போட அம்மா எத்தனை வருசமா நல்லா நடமாடுறாங்கன்னு அதுக்குத் தெரியணும்ல.”

போய்ச் சொன்னேன். அவள் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். திரையை இழுத்துவிட்டு என் தழும்பைக் காட்டினேன். மகள் விரலால் அதைத் தொட்டுப் பார்த்தாள். நான் வெட்டுப்பட்டதிலிருந்து அவள் அதைத் தொட்டதில்லை. தள்ளுவண்டியில் ஏறும்போது அவள் அழவில்லை.

மூன்று மணி நேரம் ஆனது. வெளியே கொண்டுவந்து கட்டிலில் போட்டதும் நான் கூச்சமில்லாமல் போர்வையைத் தூக்கி எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பக்கத்தில் ஒரு குழாய். பெரிய கட்டு இல்லை.

மறுநாள் மகள் எல்லோரிடமும் சொன்னாள். “எங்கம்மா சொன்ன மாதிரியேதான் தோள்பட்டை குத்துச்சு. எங்கம்மா சொன்ன மாதிரியே குழாய் வச்சிருந்தாங்க. அம்மா சொல்லலைன்னா நான் செத்தே போயிருப்பேன்.” பார்க்க வந்தவர்கள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். நான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு நடந்ததைச் சொல்லத்தான் கை வரமாட்டேன் என்கிறது. அவ பேச்சைக் கேட்டு கொழுந்தன் மகளே சாகப் பார்த்துச்சாம் என்று தோட்டம் முழுக்கப் பரவியது. ஆட்கள் அவளிடம் போவது நின்றது. கர்ப்பப்பையில் கட்டி என்று சொல்லப்பட்ட ஒருத்தி மட்டும் பழைய பழக்கத்தில் அவள் வாசலுக்கு வந்தாள். ஓரகத்தி எழுந்துகூட நிற்கவில்லை.

“எனக்கு சரியாத் தெரியாதும்மா. மிஸ்மார்கிட்டயே கேட்டுக்க” என்றாள்.

சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து அதைக் கேட்டேன். அந்தப் பெண் அடுத்ததாக என் வாசலுக்கு வந்தாள். நான் உட்கார வைத்துச் சொன்னேன். எல்லாம் சொன்னேன், தேத்தண்ணி குடிக்கக் கூடாது என்பது உட்பட. எத்தனை வருசமாக ஆசைப்பட்ட விஷயம் அது. நன்றாகத்தான் இருந்தது. பக்கத்துக் காம்பராவில் ஒரு சத்தமும் இல்லை, அதுதான் கொஞ்சம் இடித்தது. நாளைக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்த நாளைக்கு என்பது வருசக்கணக்காகிப்போனது. மகளும் பெரியம்மாவைக் கண்டால் என்னா, நல்லமா என்று சுகம் கேட்பதோடு நிறுத்திக்கொண்டாள். கல்யாணமாகி உடப்புசல்லாவை என்ற ஊர்ப் பக்கம் போன பிறகு அதுவும் இல்லை. ஓரகத்தி ஒருநாள்கூட என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

போன மாசம் பிரஷர் ஏறி மலையிலேயே விழுந்தாள். இறக்கிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. அது எப்படி இருக்கும் என்று அவளால் யாருக்கும் சொல்ல முடியாமல் போய்விட்டது.

பதினாறாம் நாள் கருமாதிக்கு மகள் வந்திருந்தாள். பொம்பளைகள் எல்லோரும் பின்பக்கம் உட்கார்ந்து காய்கறி வெட்டிக்கொண்டிருந்தோம். மகள் பூசணிக்காய் வெட்டினாள். ஒருத்தி பெருமூச்சு விட்டுச் சொன்னாள்:

“தங்கமான மனுசி. அந்த ஆபரேஷன் விஷயத்துல மட்டும்தான் பாவம், தெரியாமச் சொல்லி ஒரு பச்சப் புள்ளைய...”

“அது அவங்க சொல்லலை” என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. “தேத்தண்ணி குடிக்கச் சொன்னது நான். அவங்க சொன்னாங்கன்னு பொய் சொன்னதும் நான். அவங்க எனக்காகத் தலையில போட்டுக்கிட்டாங்க.”

மகள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“அப்ப அந்தத் தோள்பட்டை வலி, அந்தக் குழாய், அதெல்லாம்?”

“எல்லாம் அவங்க சொன்னதுதான். வெளிய வாங்குல உக்காந்துக்கிட்டு எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. நீ அவங்களை உள்ள வர வேணாம்னுட்ட.”

மகள் என்னைத் திட்டவில்லை. “நான் அவங்க மொகத்தைப் பார்த்து நல்லா ஒரு வார்த்தை பேசி எத்தனை வருசம்மா” என்றாள். பிறகு பெரியம்மாவின் காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. கூரை வரைக்கும் போகாத சுவர் என்பதால் முழுக்கக் கேட்டது. சாப்பிடக் கூப்பிட்டோம், வரவில்லை. என்னிடம் சொல்லாமலே பஸ் ஏறிப் போய்விட்டாள்.

இன்றைக்கு இருபது நாளாகிறது. போன் அடித்தால் மருமகன்தான் எடுக்கிறார், அவ வேலையா இருக்காங்க அத்தை என்கிறார். பின்னால் அவள் நடமாடுகிற சத்தம் கேட்கிறது. கோபம் ஆறும், ஆறாமலும் போகலாம். தப்பு என்னுடையது, அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் அன்றைக்கு அவள் அழுதாளே, கதவைச் சாத்திக்கொண்டு, பெரியம்மா பெரியம்மா என்று, அதைக் கேட்டுக்கொண்டு வெங்காயம் உரித்தபோது எனக்கு வந்தது வெட்கம் மட்டுமில்லை. நாளைக்கு நான் செத்தால் இவள் எனக்காக இப்படி அழுவாளா என்றுதான் நினைத்தேன்.